ஒரு ஸ்டாப் முன்பே இறங்கினேன்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தோளும் கழுத்தும் விட்டுப்போகிற மாதிரி வலிக்கிறது. கால் மட்டும் வலிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

போன வாரம் கம்பெனி நர்சம்மா எனக்குச் சுகர் ஆரம்பம் என்றார். "தினமும் நடக்கறீங்களா?" என்று கேட்டார். நாள் முழுக்க ஷூ தைக்கிறேனே, போதாதா என்றேன். "உக்காந்துனுதானே தைக்கிறீங்க?" என்றார்.

அதனால் இன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து எங்கள் ஊர் மாதனூருக்கு ஒரு ஸ்டாப் முன்பே இறங்கினேன். டிரைவர் பஸ்ஸை எடுக்கவே இல்லை. "இன்னாக்கா, வீட்ல எதுனா சண்டையா?" பஸ்ஸே என்னைப் பார்த்தது. நடக்கப்போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே ஒரு வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். பக்கத்து வீட்டு மேரி ஸ்கூட்டியை நிறுத்தினாள். "பஸ்ஸ உட்டுட்டியா? ஏறு." வேண்டாம் என்றதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள்தான் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். பத்தே நிமிஷத்தில் என் வீட்டுக்காரர் பைக்கில் வந்து நின்றார். சட்டைப் பட்டன்கூடப் போடவில்லை. "இன்னா ஆச்சு? யார்னா எதுனா சொன்னாங்களா?" அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணமான புதிதில் இதே ரோட்டில் தலையில் புல்லுக்கட்டோடு தினமும் நடந்திருக்கிறேன், வயிற்றில் பிள்ளையோடும். ஒரு வண்டி நின்றதில்லை. அவருடைய சைக்கிள்கூட மணியடித்துவிட்டுத் தாண்டிப் போகும்.