ஆயிரம் முறை பழுதான தராசு

அன்புள்ள வாண்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும், போனில் நீ "சாப்பிட்டேன்பா" என்று சொல்கிற வேகத்தைக் கேட்டால் அதில் பாதியைத்தான் நம்ப முடிகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் கூட்டாளி, அந்த மூக்குக்கண்ணாடிக்காரன், நம் வீட்டில் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயராகிவிட்டது, அவன் எப்போதும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், நான் சொல்வதெல்லாம் அவன் காதிலும் விழுகிறது. இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் கம்பெனியில் பணம் போடுகிறேன் என்று வந்திருக்கிறாரே, அந்தப் பெரிய மனிதரைப் பற்றி. நீ அனுப்பிய ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான், தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்க்காமல் ஒரு கடையைவிட்டு வந்தவனில்லை. எடையைக் கூட்டிக் காட்டுகிற மெழுகோ காந்தமோ அங்கேதான் ஒட்டியிருக்கும். இவர் தட்டை மட்டும் தூக்காமல் விடுவேனா? அடமானம் கேட்கவில்லை, வட்டி கேட்கவில்லை, லாபம் வருகிறதா என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது கம்பெனியில் போட்டால் பதினெட்டு மூழ்கிவிடும், மிச்சம் இரண்டு போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராமே. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதினெட்டில் ஒன்றாக நீ மூழ்கினால் அவருக்கு ஒரு மயிரும் உதிராது, உனக்கு இளவயதில் நான்கு வருஷம் போய்விடும். ஏழாம் பக்கத்தில், நான்கு வருஷம் முடிவதற்கு முன்னால் நீ விலகினால் உன் பங்கில் அதுவரை உன் பெயருக்கு வராதது கம்பெனிக்கே திரும்பிவிடும் என்று போட்டிருக்கிறது. பதினோராம் பக்கத்தில், கம்பெனியை விற்றால் அவர் போட்டதை அவர் முதலில் எடுத்துக்கொண்ட பிறகுதான் உங்கள் முறை. கண்ணாடியிடம் கேட்டேன், "இது எல்லாரும் போடுறதுதான் அங்கிள்" என்றான். என்னிடம் மாட்டிய கடைக்காரர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். இந்த இரண்டு பக்கத்தையும் நீயாகத் தேடிப் பிடித்த ஒரு வக்கீலிடம் காட்டு, அவர்கள் கைகாட்டுகிற வக்கீல் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது அவர் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரே கேள்விதான், உன் ஆப்பைத் தினம் எத்தனை கடைகள் திறக்கின்றன என்று. பழுது பார்க்கிற கடைகளில் யார் எதைக் கொண்டுவந்தார், என்ன கோளாறு, என்றைக்குத் திருப்பித் தரவேண்டும் என்று குறித்துவைக்கிற ஒரு ஆப், அதுவும் முதல் ஒரு வருஷம் இலவசம், அதைத் திறப்பதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதருக்கு ஏன் இத்தனை ஆசை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அதற்குப் பதில் கிடைத்தது. ஓய்வுபெற்ற பிறகு நம் முன்னறையையே கடையாக்கி மேஜை போட்டிருக்கிறேனே, அங்கே நான் தராசு பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கூப்பிட்டாள், அந்தப் பெரியவர் ஆபீசிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகளின் ஆப்பைப் பற்றி இரண்டு நிமிஷம் கேட்கலாமா என்றாள். நான் நம்பவில்லை. போனை வைக்கச் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தின் தலைப்பில் இருந்த நம்பருக்கு நானே கூப்பிட்டு, அவளைத் தேடிப் பிடித்து, அவள் மேலதிகாரி யார் என்றும் கேட்டுவிட்டுத்தான் பேசினேன். பாவம், கோபிக்கவே இல்லை. உன்னிடம் பதிந்த கடைகள் நாற்பத்து மூன்று, அதில் எங்கள் பக்கத்துப் பதினான்கு கடைகள்தான் ஒரு நாள் விடாமல் திறக்கின்றனவாம், அதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு நம்பிக்கை வந்ததாம். "உங்க கடைதான் சார் முதல் இடம்" என்றாள். அப்புறம் கேட்டாள், "நாளைக்கே இந்த ஆப் நின்னு போச்சுன்னா உங்க கடைக்கு என்ன ஆகும்?" என்று. நான், "ரொம்பக் கஷ்டம்மா, கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும்" என்றேன். அவள் அதை எழுதிக்கொள்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

வாண்டு, அது பொய். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் நீ போனில் குரல் உடைந்து, "யாருமே திறந்துகூடப் பாக்குறதில்லப்பா" என்றாய் அல்லவா? மறுநாள் மத்தியானம் ஆப்பைத் திறந்து, அலமாரியில் கிடக்கிற பழைய இரும்புத் தராசை ஒரு வேலையாகப் பதிந்தேன். அதற்கடுத்த நாள் இரண்டு, பிறகு ஐந்து, இப்போது நாளுக்கு எட்டு ஒன்பது, கொண்டுவந்தவர் பெயரை மட்டும் மாற்றுவேன். என் கடைக்கு நிஜமாக வருவது வாரத்துக்கு மூன்று தராசு. அலமாரியில் இருப்பதோ உன் ஆப்பில் இதுவரை ஆயிரம் முறைக்கு மேல் பழுதாகி ஆயிரம் முறையும் சரியாகியிருக்கிறது. நான் மட்டும் போட்டிருந்தாலாவது ஒரு கடையோடு போயிருக்கும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அம்மாவிடம் சொன்னேன், அவள் உன் அத்தையிடம் சொன்னாள்.

அந்தப் போன் வந்த மறுநாள் பையை மாட்டிக்கொண்டு பழைய ஆய்வாளராகவே கிளம்பினேன். அத்தையின் தையல் கடையில் அவள் போனை வாங்கிப் பார்த்தேன், ஒரு சட்டையில் எட்டுப் பொத்தான் என்றால் எட்டு வேலை. மாமாவின் சைக்கிள் கடையில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பதிவு. "புள்ளைக்கு நல்லதுதானே அத்தான், உங்களுக்கென்ன வந்துச்சு" என்று என்மேலேயே பாய்கிறார். தினம் மத்தியானம் இவர்கள் ஒருவருக்கொருவர் கூப்பிட்டு, "இன்னைக்குப் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள், அம்மாதான் அதற்குத் தலைவி. பதினான்கு கடையும் நம் உறவும் அவர்கள் சிநேகிதரும்தான். இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் நான் உன்னையே சந்தேகப்பட்டேன், இதெல்லாம் உனக்குத் தெரிந்துதான் நடக்கிறதோ, கண்ணாடி சொல்லிக்கொடுத்திருப்பானோ என்று. விசாரித்ததில் உன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, எல்லாரும் கைகாட்டியது என்னைத்தான். போனில் பேசாததற்கு நான் பாக்கி வைத்த காரணம் இதுதான், இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நீ இருபதாம் தேதி கையெழுத்துப் போடப்போகிறாய். அந்தப் பெரியவர் நம்பி வந்த எண் நிஜமில்லை, அது நாளைக்குத் தெரிந்தால் ஏமாற்றுக்காரி என்ற பெயர் உனக்குத்தான் வரும், எனக்கு வராது. கையெழுத்துக்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு, இந்தக் கடிதத்தையும் காட்டு, எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் பட்டுக்கொள்கிறேன். அவர் போனால் போகட்டும். தெருமுனைக் கடிகாரக்காரர் நமக்கு உறவில்லை, அவரிடமும் சந்தேகத்தோடுதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, மற்றபடி நாளுக்கு மூன்று வேலைதான் பதிகிறார், மூன்று கடிகாரமும் அவர் மேஜையில் சீட்டோடு இருந்தன, எண்ணிப் பார்த்தேன். போன மாதம் ஒரு நாள் காலையில் உன் ஆப் திறக்கவில்லையாம், "எந்தக் கடிகாரம் யாருதுன்னே தெரியாமத் தவிச்சேன், உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க சார்" என்று என்னைப் பிடித்துச் சத்தம் போட்டார். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இவர்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். மிச்சம் இருபத்தொன்பது கடையில் இவரைப் போல எத்தனை பேர் என்று நீயே ஒவ்வொருவரிடமும் பேசித் தெரிந்துகொள், நாங்கள் சொல்வதை நம்பாதே.

வேளைக்குச் சாப்பிடு, ஏழாம் பக்கத்தை மறக்காதே, கண்ணாடியிடம் நான் கேட்டதாகச் சொல், அவன்மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் அவனும் வேளைக்குச் சாப்பிடட்டும். நீ நினைத்தது நல்லபடியாக நடக்க என் ஆசீர்வாதமும் அம்மாவின் ஆசீர்வாதமும் என்றும் உண்டு. கூரியர்க்காரர் இது வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும் என்கிறார், நான் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்கிறேன். அதனால் சனிக்கிழமையிலிருந்து பதினான்கு கடையும் பதிவதை நிறுத்துகிறோம், அம்மா அழுதுகொண்டேதான் சம்மதித்தாள். அன்றைக்கு உன் திரையில் எண் மளமளவென்று இறங்கும். ஆப் கெட்டுவிட்டது என்று பதறாதே, ஒன்றும் கெடவில்லை, அது நாங்கள் கையை எடுத்ததுதான். இறங்கி எங்கே நிற்கிறதோ, அதுதான் உன்னுடையது.

இப்படிக்கு,
உன் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டிய
அப்பா