சிவப்புத் துண்டு கட்டாத தலை

குத்தாலம்
9-6-1972

அன்பு மகன் செல்லத்துரைக்கு அப்பா எழுதுவது. உன்னையும் அம்சத்தையும் பேரப்பயலையும் பிலாய் வெயில் வாட்டாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, குறுவை நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது, பசு மட்டும் கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. உன் மாமனார் மருதையனுக்குச் சங்கம் நட்ட நினைவுக் கம்பத்தில் மே தினத்தன்று கொடியேற்ற நான் மறுத்துவிட்டதை யாரோ உனக்கு எழுதிவிட்டார்கள். எவ்வளவுக்கு விலைபோனீங்க அப்பா என்று கேட்டிருக்கிறாய். இரும்பு உருக்குகிற இடத்தில் இருக்கிறாய் அல்லவா, வார்த்தையும் சூடாகத்தான் வருகிறது.

மனுஷன் கொள்கையை ஏன் மாற்றுகிறான் என்று வேறு, வகுப்பெடுக்கிற மாதிரி கேட்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இருபது வயதில் நான் செங்கொடிக்கு வந்தது யார் பேச்சையும் கேட்டு இல்லை. மடை திறக்கத் தாமதமாகிவிட்டது என்று பண்ணைக் காரியக்காரர் என்னை வாய்க்காலில் தள்ளி வயிற்றில் மிதித்தார். மூன்று நாள் ரத்தமாகவே மூத்திரம் போனது. நாலாம் நாள் சங்கத்தில் பேர் கொடுத்தேன். இந்தக் கடிதத்தை எழுதும் எழுத்தே சங்கம் கற்றுக்கொடுத்ததுதான், நான் நன்றி மறக்கவில்லை. குடியிருக்கும் மனைக்குப் பட்டா வந்ததும் நம் சங்கத்துக் குஞ்சிதபாதம் ஆளும் கட்சிக்குப் போனபோது, நடுத்தெருவில் அவன் சட்டையைக் கிழித்து மூஞ்சியில் துப்பினேன், நீயும் கூட நின்றாய். வீட்டைக் காலி பண்ணு என்று அவன் பெண்டாட்டி பிள்ளையை இனி எவனும் விரட்ட முடியாது. அது அவனுக்கு எவ்வளவு பெரிது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது என் சங்கதி. மாசி அறுவடையில் கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டோம். மிராசுதார் முத்துப்பேட்டைப் பக்கமிருந்து லாரியில் ஆள் இறக்கினார். மறுநாள் காலை நாங்கள் வயலுக்குப் போனோம். கட்டிப் புரளும்போது ஆள் அடையாளம் தெரியாது, அதனால் நம்மவர் எல்லோரும் தலையில் சிவப்புத் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும், கட்டாத தலையெல்லாம் வெளியூர்த் தலை, யோசிக்காமல் அடிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. அதைச் சொன்னவன் நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள். வயலில் அரிவாளும் தடியும் மோதின. ஒருவன் காது அறுந்து தொங்கியது. வெளியூர்ப் பெண் ஒருத்தி கெண்டைக்கால் பிளந்து கதிருக்குள் விழுந்தாள். என் முதுகில் ஓர் அடி விழுந்ததும் எனக்கு வெறி ஏறிவிட்டது. திரும்பினேன், துண்டு இல்லாத ஒரு தலை எதிரே குனிந்திருந்தது. மூங்கில் தடியை இரண்டு கையாலும் ஓங்கிப் பின்மண்டையில் போட்டேன். பானை உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. அவன் சாய்ந்து மல்லாந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். மருதையன். தன் துண்டை அவிழ்த்து அந்தப் பெண்ணின் காலில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். முடிச்சுகூடப் போட்டு முடிக்கவில்லை. செல்லத்துரை, உன் மாமனாரைக் கொன்றவன் நான்தானடா.

அந்தப் பெண்ணின் புருஷன் பஞ்சநதம் ஓடிவந்து மருதையன் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். கையெல்லாம் ரத்தமாக இருந்ததால் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது, நம்மவர்களும் அவன்தான் என்றே நம்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மருதையன் போய்விட்டான். காரியத்துக்கு நீங்கள் வந்தபோது அம்சம் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமே ஒங்களத்தான் அப்பான்னு நெனச்சுக்கணும் மாமா என்று அழுதாள். அப்போதும் சொல்லவில்லை. கோழை நான், வேறென்ன.

மே தினத்துக்கு முதல் நாள் பஞ்சநதத்தின் பெண்டாட்டி நாகரத்தினம் காலை இழுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தாள். நான் அடித்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். புருஷனுக்காகப் பொய் சொல்கிறாள் என்று அவள் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மருதையன் துண்டைத் துவைத்து மடித்து என்னிடம் கொடுத்து, கறை முழுசாப் போவலைங்க, ஒங்க ஆளு நல்ல மனுசன், எம் புருசன் அவரத் தூக்கத்தாங்க வந்தாரு என்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் நான் எந்தக் கையால் கொடியேற்றுவது? அரைப்படி கேட்டது தப்பில்லை, இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அன்றைக்கு மிராசுதார் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார், நாங்கள் அடித்துக்கொண்டது எங்களைப் போலப் பசித்து வந்தவனோடு. எந்தக் கட்சிக்கும் நான் போகவில்லை. தலையில் கட்டியதைப் பார்த்து மனுஷனைத் தீர்மானிக்கிற வேலை மட்டும் இனி என்னால் ஆகாது.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மருதையன் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் அல்லவா, அடுப்பில் எரிந்த கட்டையை உருவி என் தோளில் அடித்தாள். தோல் வெந்துவிட்டது, நான் நகரவில்லை. இப்போது மருதையன் வீட்டில் அண்ணியோடு உட்கார்ந்திருக்கிறாள், சோறு தொடவில்லையாம். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் நடந்ததைச் சொல்லி பஞ்சநதத்தை மீட்கப் போகிறேன். பல வருஷம் உள்ளே இருக்க வேண்டிவரும் என்கிறார் வக்கீல். பசுவையும் கன்றையும் குஞ்சிதபாதம் பார்த்துக்கொள்கிறேன் என்றான், நான் கேட்காமலேயே. ஆலையில் ஸ்டிரைக் வரும்போல் எழுதியிருந்தாய். முன்வரிசையில் நில், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கையில் கட்டையை மட்டும் எடுக்காதே.

நீங்கள் மூவரும் நன்றாக வாழ வேண்டும். என் ஆசீர்வாதம் வேண்டாம் என்று அம்சம் சொன்னால் அந்த வரியை அடித்துவிடு. இந்தக் கடிதத்தை அவளிடம் மறைக்காதே, சேதி வேறு வழியாக வருவதற்குள் நீயே உட்காரவைத்துப் படித்துக்காட்டு, மறந்துவிடாதே. அவள் அழுதால் தடுக்காதே. அடித்தாலும் வாங்கிக்கொள், நான் பக்கத்தில் இல்லை, எனக்கு விழ வேண்டியதை நீதான் வாங்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
முருகையன்