கால் வைக்கும் இடம்

புதன்கிழமை, இரவு

கராஜ்காரரைவிட என் கணவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

மீன் ஏற்றுவதற்கு நான் வாங்கிய பழைய பிக்கப்பில் கறள் பிடித்து இற்றுப்போன தகடுகளைத் திருத்தி முடித்துவிட்டதாக வாழைச்சேனை கராஜிலிருந்து சொல்லியிருந்தார்கள். நானும் கணவரும் எடுக்கப் போனோம். சாரதி கால் வைக்கும் இடத்தில் புதுப் பெயின்ட் மினுங்கியது. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினேன். பொத்துக்கொண்டு கீழே போய்விட்டது. கறளை வெட்டித் தகடு ஒட்டாமல் பட்டி பூசி மறைத்திருக்கிறார் கராஜ்காரர்.

"இது என்ன வேலை தம்பி?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணன், அக்காவுக்கு இதெல்லாம் விளங்காது. பழைய வாகனம் இப்பிடித்தான்" என்றார்.

இவரும் தலையை ஆட்டினார். "ஓம் புள்ள, அவருக்குத் தெரியாததா? வா, போவம்."

ஓட்டப்போவது நான். தகடு உடைந்தால் ரோட்டில் இழுபடப்போவது என் கால்.

"வெட்டி ஒட்டுற வரைக்கும் இஞ்ச இருந்து எழும்ப மாட்டன்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

பொழுது படும்போது வெல்டிங் முடிந்தது. மறுபடியும் குத்திப் பார்த்தேன்; இறங்கவில்லை. இவர் முன்கதவைத் திறந்து ஏறப் போனார்.

"பின்னால ஏறுங்க" என்றேன்.

வீடு வரைக்கும் மீன்பெட்டி வைக்கும் இடத்தில்தான் குந்தியிருந்து வந்தார். நான் இன்னும் அவரோடு பேசவில்லை.