வளையத்தடியில் நீ எறிந்த பந்து

நேற்றுப் பின்னேரம் உன் மனுசன் கம்பத்தைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். வான் வண்டியின் கதவைத் திறந்ததுமே அந்த ரப்பர் மணம் மூக்கில் அடித்தது. பனிக்காலத்துக்குப் போடுகிற பழைய டயர் ஒன்றுக்குள் சீமெந்தை ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் வளையத்தைப் பொருத்தி, மொன்றியலுக்கு அக்கரையில் லொங்குய்யில் உங்கள் வீட்டுக் கராஜில் அவர் செய்து தந்த வலைப்பந்துக் கம்பம். "கராஜில இடமில்லை, நீங்களே வைச்சிருங்கோ," என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். "பேந்து ஒருநாளைக்கு," என்று சொல்லிக்கொண்டே வானில் ஏறிவிட்டார். ஒருதரம்கூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் என்னில் கோபமாயிருக்கிற காரணம் இங்கே எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

இந்தக் கம்பம் வருவதற்கு முன்னர் எங்கள் கோடைகால ஒன்றுகூடல் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார். ஆண்களுக்குக் கிரிக்கெட், கரப்பந்து, கயிறிழுத்தல். எங்களுக்குச் சங்கீதக் கதிரையும் தேசிக்காய் ஓட்டமும். அதுவும் கொத்துரொட்டிக்கு வெங்காயம் வெட்டி முடித்த பிறகு. நீ இங்கே குடிவந்த முதல் கோடையிலேயே ஏற்பாட்டாளர் அண்ணையிடம் போய், பெண்களுக்கு ஒழுங்கான விளையாட்டு ஒன்றும் இல்லையா என்று கேட்டாய். "அதுதானே தங்கச்சி, சங்கீதக் கதிரை இருக்கு," என்றார் அவர். "கதிரையில இருக்கிறதெண்டா நாங்க வீட்டிலேயே இருப்பமே அண்ணன்," என்றாய். வெங்காயக் கண்ணீரோடு நான் சிரித்துவிட்டேன். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருத்தி எங்கள் யாழ்ப்பாணத்து அண்ணைமாரை வாயடைக்க வைத்துவிட்டாளே என்று அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று.

பிறகென்ன, அடுத்த கோடையில் இரண்டு அணி. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடாத பெண் எங்களுக்குள் யார் இருந்தார்கள்? மொன்றியல் தீவில் இருக்கிறவர்கள் ஒரு பக்கம். ஆற்றுக்கு அந்தப்பக்கம் லொங்குய்யிலும் புரோசார்டிலும் இருக்கிறவர்கள் மற்றப் பக்கம். எனக்கு ஊரும் யாழ்ப்பாணத்துத் தீவுதான் என்பதால், "அங்கயும் தீவுக்காரி, இஞ்சயும் தீவுக்காரி," என்று நீ நக்கலடிப்பாய். பூங்காவில் நாயோடு நடக்க வருகிற அந்தக் கியூபெக் கிழவர் ஒருநாள் கம்பத்தை அண்ணாந்து பார்த்து, இது பாஸ்கெட்பாலா, பின்னால் பலகையைக் காணோமே என்று கேட்டார். பலகை இருந்தால் யாருக்கும் விழும் முசியே என்று, நீ வேலை செய்த கார்டரியில், அந்தக் குழந்தைக் காப்பகத்துப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய உன் பிரெஞ்சில் சொன்னாய். அந்த மனுசன் அன்று நாயையும் மறந்து கடைசிவரை நின்று பார்த்தார்.

நீ உங்கள் அணியின் ஜி.எஸ். வளையத்தடியில் நின்று பந்தை உள்ளே போடுகிறவள். நான் எங்கள் அணியின் ஜி.கே. உன்னைப் போடவிடாமல் தடுக்கிறவள். ஏழு பேர் விளையாடினாலும் எனக்கு அங்கே நீ ஒருத்திதான். ஒருதரம் என் முழங்கை உன் விலாவில் பட்டதற்கு ஒரு கிழமையாக நீ என் போனை எடுக்கவில்லை. பிறகு நீயே எடுத்து, ஒன்றும் நடக்காததுபோல, நண்டு மலிவாகப் போட்டிருக்கிறான் வாறியா என்று கேட்டாய். நாங்கள் அப்படித்தான் சிநேகிதிகளாக இருந்தோம்.

பிறகு ஒரு வசந்தத்தில் உனக்குப் புற்றுநோய் வருத்தம் என்று தெரிந்தது. மருந்து ஏற்ற ஏற்ற நீ மெலிந்தாய். ஜூன் மாதம் பயிற்சி பார்க்க வந்து, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கில் என் பக்கத்தில் இருந்தாய்.

"இந்தமுறை நானும் விளையாடப் போறன் புள்ள. கடைசிக் கால்வாசி மட்டும். அவரும் ஓமெண்டிட்டார்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஏலுமானதச் செய்யட்டாம். எனக்கு இது ஏலும்." மைதானத்தில் நின்றவர்களைக் கையால் காட்டினாய். "ஆனா எல்லாரும் எனக்கு விட்டுத் தருவாளுகள். நீ தரக்கூடாது."

நான் தண்ணிப் போத்தலை நீட்டினேன். நீ வாங்கவில்லை.

"வீட்டில இப்ப என்னோட ஒருத்தரும் சண்டை பிடிக்கிறதில்ல. கறிக்கு உப்புப் போட மறந்தாலும், நல்லாயிருக்கெண்டு சாப்பிடுறார். பிள்ளைகள் ரிமோட்ட என்ர கையில தந்திட்டுப் போகுதுகள். அந்தச் சனியன் பிடிச்ச ரிமோட்டுக்கு முந்தி என்ன அடிபிடி. நான் உயிரோட இருக்கக்குள்ளயே என்னப் படமாக்கிச் சுவரில மாட்டிப்போட்டாங்க. நீயாவது என்னோட சரிக்குச் சரி நில்லு."

உள்ளங்கையை நீட்டினாய். அடித்துச் சத்தியம் செய்து தந்தேன். "ஒருத்தருக்கும் சொல்லாத. நான் கேட்டுத்தான் செஞ்சதெண்டு தெரிஞ்சா, அதுவும் எனக்கு விட்டுத் தந்ததாத்தான் போயிரும்," என்றாய். உன் கை நெருப்பாய்ச் சுட்டது.

ஒன்றுகூடலன்று கடைசிக் கால்வாசிக்கு நீ மைதானத்தில் இறங்கியதும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். உன் முகம் போன போக்கை நான்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் பந்து உன்னிடம் வந்தபோது எங்கள் பெண் ஒருத்தி கால் சறுக்கினவள்போல் விலகி வழிவிட்டாள். பந்தைப் பிடித்தபடி நீ காலை நகர்த்திய பிழையை நடுவர் கண்டும் ஊதவில்லை. என் கைகளும் பாதிக்குத்தான் உயர்ந்தன. எப்படியடி உயரும்? உன் கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. பந்து வளையத்துக்குள் விழுந்தது. சனம் விசிலடித்தது. நீ சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "சத்தியம்," என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அதற்குப் பிறகு நான் நின்றேன். உன் இரண்டு எறிகளைத் தட்டினேன். வெளியே முணுமுணுப்புக் கேட்டது. உன் கண்ணில் அந்தப் பழைய வெறி வந்தது. உனக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் ஓடினாய், என்னை ஏமாற்றி ஒன்று போட்டாய், அது நீயாகப் போட்டது. முடிவில் நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். நேரம் முடிகிற தறுவாயில் பந்து உன் கைக்கு வந்தது. விதிப்படி மூன்றடி எட்டத்தில் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். நீ முழங்காலை மடித்து, மூச்சை அடக்கி, பந்தை மேலே அனுப்பினாய். நான் குதித்தேன். விரல் நுனியில் பந்து பட்டது. அது எங்கள் ஆட்களின் பக்கம் விழுந்தது, விசில் ஊதிவிட்டார்கள்.

கைதட்டுவதற்கு ஒருத்தரும் இல்லை. "என்ன பொம்பிளை இவள், ஒரு கோல் விட்டாக் குறைஞ்சா போயிடுவாள்?" என்று யாரோ ஒரு மாமி எனக்குக் கேட்கவே சொன்னார். உன் மனுசன் நீ இருப்பதற்கென்று கொண்டுவந்த மடிக்கிற கதிரையை மடித்து எடுத்துக்கொண்டு வானை நோக்கி நடந்தார். நீயோ புல்லில் குந்தியிருந்து, இழுத்து இழுத்துச் சிரித்தாய். நான் பக்கத்தில் விழுந்து அழுதேன். "அழாத புள்ள. இப்பதான் எனக்கு வருத்தமில்லாத ஆள் மாதிரி இருக்கு," என்றாய். பிறகு என் முதுகைத் தடவிக்கொண்டே, "நீ கை வைக்காட்டியும் அது வெளியாலதான் போயிருக்கும்," என்றாய்.

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாய். ஊசி போட வந்த அந்த ஹெய்ட்டிக்காரப் பெண்ணிடம், என் கடைசிப் பந்தைத் தடுத்தவள் இவள்தான் என்று பிரெஞ்சில் என்னைக் காட்டினாய். ஏதோ பெரிய ஆளை அறிமுகப்படுத்துகிற மாதிரி. ஆனால் அது எப்படியும் தவறியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னாய். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். தை மாதம் நீ போய்விட்டாய். செத்தவீட்டில் உன் மனுசன் எல்லாருடைய கையையும் பிடித்தார், என் கையைத் தவிர.

அவரிடம் சொல்லிவிடு என்று சில நாட்களில் என் மனமே என்னை நச்சரிக்கும். நீ இல்லாமல் தனியாக நிற்கிற அவரைப் பார்க்கையில் ஒரு சொல்லில் அந்தக் கோபத்தைத் தீர்த்துவிடலாமே என்று தோன்றும். சொல்லமாட்டேன். உன் பேரில் அவ்வளவு அன்பு வைத்த மனுசனுக்கு என்னில் கோபம் வராவிட்டால்தான் பிழை. அது எனக்குப் பெரிய பாரமும் இல்லை.

எனக்குப் பாரமாயிருப்பது வேறு. இத்தனை கோடையாக உன் எறிகளை அண்ணாந்து பார்த்தவள் நான். கையைவிட்டுக் கிளம்பும்போதே எது விழும், எது விழாது என்று எனக்குத் தெரியும். வெளியே போகிற பந்துக்கு நான் ஒருநாளும் குதித்ததில்லை, அதை விட்டுவிட்டு வளையத்தில் பட்டுத் தெறிக்கிறதைப் பிடிக்கத்தான் நிற்பேன். அன்றைக்கு எட்டுமட்டும் குதித்தேன். பந்தின் அந்தத் தொடுகை இன்னும் என் விரலில் இருக்கிறது. என்னைத் தேற்றுவதற்காக நீ சொன்னதற்கு, கட்டில் அருகே இருந்து தலையாட்டினேனே, நீ "சத்தியம்" என்ற பிறகு அது ஒன்றுதான் நான் உனக்கு விட்டுத் தந்தது. அதையும் இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பந்து உள்ளேதான் போய்க்கொண்டிருந்ததடி.