சிவப்பு நூல் சுற்றிய எர்த்து ஒயர்

அபெர்டேர்
நவம்பர் 9, ஞாயிறு

மதிப்பிற்குரிய ஹவெல் அவர்களுக்கு,

கெரைன்ட்டின் மனைவி மென்னா எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஸ்பெயின் வெயிலில் உங்கள் மூட்டுவலி தேவலை என்று கேள்விப்பட்டேன். அதோடு விசாரிப்பு முடிந்தது. இத்தனை வருடம் உங்களை அண்ணா என்று கூப்பிட்ட வாய்க்கு இன்றைக்கு அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது. உறைக்குள் மடித்த காகிதத்தில் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பிரியுங்கள்.

போன மார்ச் மாதம் கிளப் மேடையில் கெரைன்ட் விழுந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது பாட்டு பாடத் தொடங்கி, மைக்குக்கு வாயைக் கொண்டுபோனவர் மரம் மாதிரிச் சாய்ந்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்து வைக்கிறேன், பின்னாலிருந்து எவனோ "பழைய ஆளு திரும்பி வந்துட்டார்டா" என்கிறான். நாலு பேர் சிரித்தார்கள். கிளப் செயலாளர் டெல்வின் ஆம்புலன்ஸ்காரரிடமே, "அவருக்குப் பழக்கம் உண்டுங்க, விட்டிருந்தார், இப்ப மறுபடியும் போல" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். பதினொரு வருடமாக எலுமிச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாத மனிதர்! இரத்தத்தில் ஒரு சொட்டு மது இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை ஊரில் நான் சொன்னால், பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஊரை விடுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? மறுநாள் உங்களுக்குப் போன் செய்தேன். "தொட்டுட்டானா மறுபடியும்? எனக்கு அப்பவே ஒரு பயம் இருந்துச்சு மென்னா" என்றீர்கள். பதினைந்து வயதிலிருந்து கூடவே திரிந்த நண்பர் நீங்கள். இல்லவே இல்லை என்று நான் கத்தியதற்கு, "சரி சரி, அவனைத் திட்டாதே" என்று ஆறுதல் வேறு. அன்றைக்குப் போனை அடித்து வைத்தேன், துக்கத்தில் இல்லை.

பாட்டுக் குழுவில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கிளப்புக்குப் போவதில்லை. கடைவீதிக்குக்கூட நான்தான் போகிறேன். கிதாரை உறையிலிருந்து எடுப்பதில்லை. ஒரு நாள் என்னிடமே, "மென்னா, நான் தெரியாம எதையாவது குடிச்சிருப்பேனோ?" என்று கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் சொல்லிச் சொல்லி, அவருக்கே தம்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அவர் கீழ் உதட்டில் மிளகு அளவுக்கு ஒரு கருகல் இருந்தது. குடித்துவிட்டு விழுகிறவனுக்கு உதடு ஏன் கருக வேண்டும்? அன்றைக்கு அவர் கிதாரைச் சொருகியிருந்த ஆம்ப்ளிஃபயரைக் கடைக்காரரிடம் காட்டலாம் என்றேன். அதற்கு உங்கள் நண்பர் சொன்னதைக் கேளுங்கள். "அது ஹவெல் கைபட்ட சாமான். உறுமுதுன்னு கொடுத்தேன், பூனை மாதிரி ஆக்கிக் கொடுத்தான். வேற எவனும் அதுல கை வைக்க வேண்டாம்." மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எவனும் கை வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார், எவளும் என்று சொல்லவில்லையே. நூலகத்துப் பின்னறையில் சனிக்கிழமைதோறும், பழைய ரேடியோ மாதிரிக் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர் செய்து பழகுகிற கூட்டம் ஒன்று நடக்கிறது. போனேன். அத்தனை பேரும் தாடிக்காரர்கள். ஒருவர், "டீ போட வந்தீங்களா? நல்லதாப் போச்சு" என்றார். "நீங்க போடுங்க, எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே முதல் பாடமே, திறந்த ஆம்பில் கை வைக்கும்போது இன்னொரு கை பையில் இருக்க வேண்டும் என்பது. இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். என் பாவாடையில் பை ஏது? எங்கள் துணி தைக்கிற மகராசர்களுக்குப் பெண்களுக்கு வைத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது என்று நினைப்பு. வீட்டுக்கு வந்து சமையல் ஏப்ரனில் கனமான துணியில் ஒரு பை தைத்துக்கொண்டேன். இப்போது அந்தத் தாடிக்காரர்களில் இரண்டு பேர் தங்களுக்கும் ஒன்று தைத்துத் தரச் சொல்கிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் ஆளைக் கொல்லுமளவு மின்சாரத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதை வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். நான் செய்த முதல் ஆம்பை, பிளக்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு பல்பை மாட்டிச் சோதித்தோம். ஒயரிங் சரியென்றால் பல்பு ஒருமுறை மினுங்கி மங்கும். என்னுடையது கிறிஸ்துமஸ் மாதிரி முழுசாக எரிந்தது. அறையே கைதட்டியது, பாவிகள். மூன்று வாரம் தவறைத் தேடினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை பல்பு மங்கி, வால்வுக்குள் அந்த ஆரஞ்சு நிறம் மெல்ல ஏறியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் போன இடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. இதை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

செப்டம்பரில், கெரைன்ட் பல் டாக்டரிடம் போன நேரம் பார்த்து, அலமாரியைத் திறந்து அவருடைய ஆம்பை அடுப்படி மேசைமேல் வைத்துக் கழற்றினேன். எர்த்து ஒயர், அதுதான் அந்தப் பச்சை ஒயர், இரும்புப் பெட்டியோடு திருகியிருக்க வேண்டியது. வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய நுனியில் டேப் ஒட்டி, டேப்பின் மேல் சிவப்புப் பட்டு நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, முடிச்சு தெரியாமல் உள்ளே இழுத்து விட்டிருந்தது. மீன் தூண்டிலுக்கு இறகு கட்டுகிற கட்டு. எங்கள் சமையலறையில் உட்கார்ந்து நீங்கள் எத்தனை கட்டியிருக்கிறீர்கள்! வேறு யார் வேலை என்று யாரைக் கேட்பேன்?

பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன். உள்ளே பழைய டிரான்ஸ்ஃபார்மர் கசிந்து பெட்டி முழுக்க மின்சாரம். கிதார் கம்பியில் விரல், எர்த்து உள்ள மைக்கில் உதடு. நடுவில் என் புருஷன். எர்த்து இருந்திருந்தால் ஒரு ஃபியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு பாட்டுப் பாடியிருப்பார்.

உறுமல் ஏன் வந்தது தெரியுமா? மைக்குப் பெட்டியின் பிளக் ஒரு சுவரில், இவருடைய பிளக் எதிர்ச் சுவரில். இரண்டு எர்த்தும் ஒன்றோடொன்று மோதித்தான் அந்த உறுமல். இரண்டையும் ஒரே பலகையில் சொருகினால் நின்றிருக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை, ஹவெல்! அதற்குப் பதிலாகக் கத்திரியை எடுத்தீர்கள். இசைக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னார்கள். பாதிப் பேர் செய்தால் சரியாகிவிடுமா?

கெரைன்ட்டிடம் காட்டினேன். நூலைத் தடவித் தடவிப் பார்த்தார். "அவன் நல்லதுக்குத்தானேடி செஞ்சிருப்பான். இத அவனுக்கு எழுதித் தொலைக்காதே, உடைஞ்சு போயிடுவான்" என்றார். தாம் குடிகாரர் இல்லை என்று தெரிந்த நிமிடத்தில் அவருக்கு வந்த முதல் கவலை உங்களைப் பற்றி. ஊரிடமும் சொல்லக் கூடாதாம், சொன்னால் உங்கள் பெயர் கெடுமாம். அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் மறந்தே போயிருக்கலாம். அதையும் நம்புகிறேன். இனிமேல் மறக்க முடியாது.

இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, இந்த ஊரில் எவரெவர் ஆம்பின் உறுமலை நிறுத்திக் கொடுத்தீர்களோ, அத்தனை பேரையும் இன்றைக்கே கூப்பிட்டு, பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். வெட்கப்பட நேரமில்லை. என்னிடம் அனுப்பட்டும், நான் எர்த்து ஒயரை ஈயம் வைத்து ஒட்டித் தருகிறேன். இன்னொன்று, டெல்வினைக் கூப்பிட்டு, கெரைன்ட் ஏன் விழுந்தார் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் அது பெண்டாட்டி பேச்சு. நீங்கள் சொன்னால்தான் எடுபடும்.

இப்போது காகிதத்தைப் பிரியுங்கள். சிவப்பு நூல். கெரைன்ட் ஆம்பில் இருந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. அதை அவர் தம் கிதார் உறைக்குள் வைத்துக்கொண்டார், தர மறுக்கிறார். இது உங்கள் மகள் லோரியின் ஆம்பில் இருந்தது.

போன வாரம் அவளைப் பார்க்க ரயிலேறி பிரிஸ்டலுக்குப் போனேன். பிள்ளை வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டாள். "அப்பா சரி பண்ணிக் கொடுத்தது ஆன்ட்டி, சத்தமே வராது, பாருங்களேன்" என்று பெருமையாகக் காட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் அதை வைத்துத்தான் பாடுகிறாள், ஹவெல். மைக்கில் உதட்டை ஒட்டிக்கொண்டு. கையைப் பையில் வைத்துக்கொண்டு திறந்து பார்த்தேன். ஒட்டிவிட்டேன், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு பலகையும் வாங்கிக் கொடுத்தேன். எர்த்து ஒயர் தானாகக் கழன்றிருந்தது என்று சொன்னேன். "அப்பா கண்ணுல பட்டிருந்தா விட்டிருக்கவே மாட்டார்" என்றாள். ஆமாம் என்றேன்.

நீங்கள் டெல்வினைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அவளிடம் நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது சத்தியம். உங்கள் குழந்தை நூறு வயது வரை பாடட்டும்.

கெரைன்ட்டையும் ஒருமுறை கூப்பிடுங்கள் அண்ணா. எந்த நேரமானாலும் பரவாயில்லை, வீட்டில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
மென்னா