சோப்புத் தண்ணீரில் தெரிந்த ஓட்டை

பாப்பா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. ஷெட் சாவி கதவுக்குப் பின்னால்.

நேற்று ஷெட்டில் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு நீ, "அப்பா, இன்ஜினுக்குப் பெட்ரோல் கம்மியாப் போகுதுன்னு மீட்டர் காட்டுது, ஆனா பிளக் கரியா இருக்கு, அப்படின்னா பெட்ரோல் அதிகமாத்தான் போகுது. சைலன்சர் குழாய்ல சென்சாருக்கு முன்னாடி எங்கயோ ஓட்டை, காத்து உள்ள போய் அதை ஏமாத்துது" என்றாய். "எனக்கே பாடமா?" என்று கத்திவிட்டு, கம்ப்யூட்டரில் பெட்ரோலை இன்னும் கூட்டினேன்.

காலையில் இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சர் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். நீ சொன்னபடியே சென்சாருக்கு முன்னால் குமிழி குமிழியாக வந்தது. இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றியதும் ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காகக் காட்டுகிறது. கூட்டியதைக் குறைத்துவிட்டேன். அப்படியே கொடுத்திருந்தால் இன்ஜினோடு நம் பேரும் போயிருக்கும்.

பத்து மணிக்கு வண்டிக்காரர் வருவார். வண்டிச் சாவியை நீயே கொடு.

அப்பா

பி.கு.: கரைத்தது உன் குளியல் சோப்பு. அதற்குத் திட்டிக்கொள்.

இன்னொன்று: கண்டுபிடித்தது யாரென்று அவர் கேட்க மாட்டார். என் பொண்ணுதான் என்று போனில் நானே பீற்றிக்கொண்டாயிற்று.