நாலு அங்குல உயரம்

14-6-93, திங்கள்

ஓடைப் பாறையில் வண்டியின் அடி இன்றும் தட்டியது. இதோடு மூன்றாவது தடவை. பின் அச்சின் நடுவில் தொங்கும் இரும்பு உருண்டை, அதுதான் டிபரன்ஷியல், எண்ணெய் கசிய ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய் ஓடைக்கு இந்தப் பக்கமே பிக்கப்பை நிறுத்திவிட்டேன். வெங்கடசாமி காட்டில் விளைந்த தக்காளியைப் பெண்கள் தலையில் சுமந்து ஓடையைக் கடந்து வந்து ஏற்றினார்கள். ராயக்கோட்டை மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடியும் நேரம்.

வெங்கடசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பத்து நாள் பாக்கறேன் சின்னராஜு. வண்டி ஓடைய தாண்டி காட்டுக்கே வரணும். இல்லீன்னா இந்த சீசன் பூரா நல்லுசாமி டிராக்டருக்குத்தான்" என்றார்.

15-6-93

இந்த நடை போனால் எனக்கு வேறு நடை இல்லை. ஓசூர் கம்பெனியில் பதினோரு வருஷம் இன்ஸ்பெக்டர் வேலை. கையில் அளவுகோலோடு நின்று பாகங்களை அளந்தேன். கம்பெனியை மூடியதும் வந்த பணத்தையெல்லாம் இந்தப் பழைய டீசல் வண்டியில் போட்டேன். மறுபடி ஏதாவது கம்பெனி கேட் முன்னால் காண்டிராக்ட் ஆளாகக் காலையில் வரிசையில் நிற்பதா? மாட்டேன். முடியாது.

16-6-93

டேப்பை எடுத்துக்கொண்டு வெங்கடசாமி காடு இருக்கும் உத்தனப்பள்ளிக்குப் போய் ஓடையில் இறங்கினேன். பாறையை அளந்தேன். வண்டிக்கு அடியில் படுத்து அதையும் அளந்தேன். முக்கால் அங்குலம் குறைகிறது. வெறும் முக்கால் அங்குலம்! ஒரு மனிதனின் பிழைப்பு இதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் சிரிப்புத்தான் வருகிறது.

17-6-93, வியாழன்

அக்பர் பாஷாவின் பட்டைக் கடையில் பாதி நாள். வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளில் இன்னும் மூன்று சேர்த்துவிட்டால் வண்டி உயர்ந்துவிடும், வேலை முடிந்தது என்று நினைத்துப் போயிருந்தேன். பாய் சிரித்தார்.

"பட்டைய கூட்டினா பாடிதான் ஒசரும். உருண்டை அச்சோடயே கெடக்கும். அத ஒசத்தணும்னா டயருதான் பெருசாவணும்."

"அப்ப டயர் மட்டும் மாத்துங்க பாய்."

"பெரிய டயரு லோடு ஏறினா மட்கார்டுல ஒரசும். அதுக்காக ஒரே ஒரு பட்டை போடலாம். லோடையும் கொஞ்சம் கொறைச்சுக்க."

லோடைக் குறைப்பதா? அறுபது கூடை, ஒரே நடை. அதில் ஒன்றும் குறையக்கூடாது. செய்வதை முழுசாகச் செய்வோம் என்று மூன்று பட்டையே போடச் சொன்னேன். மூன்று பட்டைக்கு மூன்று அங்குலம், டயருக்கு ஒன்று, ஆக நாலு. வளைவில் வண்டி ஆடும் என்றார். மெதுவாகப் போகிறேன் என்றேன்.

20-6-93

டயர் தேடி கிருஷ்ணகிரி போய் வந்தேன். முதல் கடையில் காட்டியது பழைய டயர், மேலே ரப்பர் ஒட்டியது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் புதுசு கிடைத்தது, பள்ளம் ஆழமாக வெட்டியது, சேற்றைப் பிடிக்கும்.

23-6-93, புதன்

வண்டி தயார். தெருவே வந்து பார்த்தது. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். சென்னம்மா மட்டும் இடுப்பில் கை வைத்து நின்று, "ஏர்றதுக்கு ஏணியும் சேத்து வாங்கினீங்களா?" என்றாள். பொண்டாட்டி வாயை யாரால் அடைக்க முடியும்.

24-6-93, காலை

தாண்டிவிட்டேன்! தட்டவே இல்லை!

அதே நாள், மாலை

எழுதக் கை வரவில்லை.

எப்போதும் எப்படி ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாததா? வண்டி வரப்பை ஒட்டி நிற்கும். பெண்கள் சும்மாட்டின் மேல் கூடையோடு வந்து, தலையை லேசாகச் சாய்த்து, பக்கப் பலகைக்கு மேலாக அப்படியே சரிப்பார்கள். உள்ளே நிற்பவள் வாங்கி அடுக்குவாள். யாரும் கையால் தூக்குவதில்லை. பழைய உயரத்தில் பலகை அவர்கள் தலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். இன்று பலகை நாலு அங்குலம் மேலே. ஒவ்வொரு கூடையையும் இரண்டு கையாலும் தூக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. இருபதாவது கூடைக்கே எல்லோருக்கும் தோள் விட்டுப்போனது. நான் என்ன செய்தேன்? ஏலத்துக்கு நேரமாச்சு, சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஏற்றும் பெண்களில் மூத்தவரான பாப்பம்மா அக்கா தூக்கிய கூடை பலகையில் இடித்துச் சாய்ந்தது. தாங்கப் போய் மணிக்கட்டு பிசகிவிட்டது. என் வாயில் முதலில் வந்த வார்த்தை "அய்யோ, தக்காளி!"

தக்காளி! த்தூ.

அக்கா கீழே உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியும். தெரியாதவன் மாதிரி நின்றேன். பிறகு தமிழிலேயே கேட்டார்: "யாரக் கேட்டு ஒசத்தின? ஏத்தறது நீயா, நாங்களா?"

அத்தனை பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்லுசாமி டிராக்டர் வந்து, என் வண்டியில் இருந்ததையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனது. நான் காலி வண்டியோடு ஓடையைத் தாண்டித் திரும்பினேன். அப்போதும் தட்டவில்லை.

25-6-93

நான் என்ன வேணும்னா செஞ்சேன்? அவங்களாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? எப்படிச் சொல்வாங்க, அவங்களை எங்க கேட்ட நீ? பாறையைக் கேட்ட, டயரைக் கேட்ட. பதினோரு வருஷம் அளந்து கிழிச்ச லட்சணம் இதுதானா?

26-6-93, சனி

பாப்பம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். கையில் மூங்கில் பத்தை வைத்து நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டிருந்தார். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்தது எல்லாம் வாசலிலேயே மறந்துபோனது. "தப்பு என்னுதுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

உட்காரச் சொன்னார். பிறகு, "டிராக்டர்காரன் அவன் இஷ்டத்துக்கு வர்றான். பறிச்ச தக்காளி வெயில்ல கெடக்குது, நாங்களும் கெடக்கறோம். நீயாவது நேரத்துக்கு வருவ. வெங்கடசாமி கிட்ட நான் பேசறேன். ஆனா தம்பி, வண்டி ராசாத்தி தலைக்கு வரணும். இருக்கறதுலயே அவதான் குள்ளம்" என்றார்.

28-6-93, திங்கள்

வண்டியைக் காட்டில் நிறுத்தினேன். ஒரு அங்குலக் கனத்தில் நாலு பலகை கொண்டுபோயிருந்தேன். ராசாத்தி நிறை கூடையோடு வெறும் தரையில் நின்றாள்: எட்டவில்லை. காலடியில் ஒரு பலகை போட்டேன்: கூடை இடித்தது. இரண்டாவது போட்டதும் தலையைச் சாய்த்தாள், கூடை தானாக உள்ளே போனது. ஐந்து தடவை செய்யச் சொன்னேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லியாண்ணா?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்குப் பாதி உயிர் வந்தது. இரண்டு பலகை என்றால் இரண்டு அங்குலம், இரண்டு பட்டையைக் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

வெங்கடசாமி பார்த்துக்கொண்டே இருந்தவர், "பலகையவே போட்டு வெச்சிட்டா போச்சு, வண்டிய எதுக்குப் பிரிக்கணும்?" என்றார்.

பாப்பம்மா அக்கா விடவில்லை. "தலையில செமையோட பலக மேல ஏறி எறங்கறதா? நீ ஏறிக் காட்டு பாக்கலாம்."

அவர் ஏறவில்லை. ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

30-6-93

பாய் இரண்டு பட்டையைக் கழற்றினார். "நான் சொன்னதுதானே?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "எத்தனை வெக்கணும்னு எப்படி முடிவு பண்ண?" என்று மட்டும் கேட்டார். ராசாத்தி சொன்னாள் என்றேன். யார் அந்த மெக்கானிக் என்றார்.

2-7-93, வெள்ளி

நாற்பது கூடைக்கு மேல் ஏற்றினால் டயர் உரசுகிறது. ஆக ஒரே நடை என்ற கனவு போனது. காலையில் ஒன்றரை மணி முன்னதாக எழுந்து இரண்டு நடை அடித்தேன். இரண்டும் ஏலத்துக்கு முன்னால் சேர்ந்தன. இடுப்பு விட்டுப்போனது. நாளைக்கும் இப்படித்தான், சீசன் முடியும்வரை இப்படித்தான். செய்வேன்.

ஏற்ற முடியாததால் பாப்பம்மா அக்கா கட்டுக் கையோடு நின்று கூடை எண்ணினார்.

9-7-93

மழை. ஓடையில் முழங்கால் தண்ணீர். தாண்டினேன்.

21-7-93, புதன்

இரண்டு நடை. டிராக்டர் இப்போது வேறு காட்டுக்குப் போகிறதாம்.

பாப்பம்மா அக்கா இன்று கட்டை அவிழ்த்துவிட்டு வந்திருந்தார். எண்ணும் வேலையை ராசாத்தியிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் முதல் ஆளாகக் கூடையோடு வந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கி நின்றேன். தலையைச் சாய்த்தார், கூடை உள்ளே போனது. கை மேலே போகவே இல்லை.